கால் மட்டும் பார்த்த படம்

சாமிக்குத்தான் பயப்பட வேண்டும், சாமி படத்துக்குப் பயப்படத் தேவையில்லை என்று என் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுக்கிற எனக்கே அது இன்னும் முழுசாக வரவில்லை. கலண்டரில் காளியம்மன் படம் இருந்தால் வருசம் முடிந்தாலும் கிழித்துப் போட எனக்குக் கை வராது. மடித்து, சாமித் தட்டுக்குப் பின்னால் செருகிவிடுவேன். "உள்ளுக்க ஒரு கலண்டர் கடையே இருக்கு" என்று வீட்டுக்காரர் சிரிப்பார். அவர் சிரிக்கட்டும். ஒரு படத்துக்கு முன்னால் நின்று நடுங்கிய அனுபவம் அவருக்கு இல்லை.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. நாட்டில் சண்டை முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் தோட்டம் ராகலைக்கு மேலே. வீட்டில் தம்பி பிறந்து இன்னும் முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கவில்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் அம்மா இரண்டு பிள்ளைகள் பெற்றாள். இரண்டும் பேர் வைக்கும்முன்பே போய்விட்டன. அதனால் இந்தப் பிள்ளையை வீடே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது. லயத்து வீட்டு வரிசையில் எங்கள் காம்பரா அறையின் வாசலில் கட்டியிருந்த வேப்பிலை வாடினால் அப்பா உடனே புதுசு கட்டுவார். இடுப்பில் கறுப்புக் கயிறு, கையில் வசம்பு, கன்னத்தில் பெரிய மைப்பொட்டு, தலைமாட்டில் ஒரு பாக்குவெட்டி. ஒரு மாதம் நிறையும்முன்பே என் தம்பி போருக்குப் போகிறவன் மாதிரி ஆயுதங்களோடு படுத்திருந்தான்.

எனக்கு அம்மா இட்ட கட்டளை ஒன்றே ஒன்று. தீட்டு வீட்டுப் பிள்ளை சாமி முன்னால் போய் நிற்கக் கூடாது. அதிலும் துடியான சாமிகள் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. நான் போய் நின்றால் குற்றம் என்னைச் சேராது. தொட்டிலில் கிடக்கிறவனைத்தான் சேரும். பள்ளிக்கூடம் போகிற வழியில் முனியாண்டி மரம் ஒன்று உண்டு. தம்பி பிறந்ததிலிருந்து அந்த வழியை விட்டுவிட்டு, அட்டைக்கடி வாங்கிக்கொண்டு தேயிலை மலையைச் சுற்றித்தான் நான் போய்வந்தேன்.

அந்த நேரத்தில்தான் சித்திரப் பாடத்து டீச்சர் எங்களை நுவரெலியாவுக்கு ஒரு கலைக்கூடம் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அம்மாவுக்கு மனசே இல்லை.

"தீட்டோட பிள்ளைய எங்கயும் அனுப்ப ஏலாது."

"அது என்ன கோயிலா? சொவத்தில படம் மாட்டியிருப்பாங்க, பாத்துட்டு வரப்போகுதுக" என்றார் அப்பா.

"சாமி படம் இருந்துச்சுன்னா?"

"தொர மாருங்க வரஞ்ச படம் இருக்கும். குதிர, நாய், பூச்சாடி. நீ ஒண்ணு."

அப்பா சொன்னதை நம்பித்தான் நான் போனேன்.

அது பழைய துரை பங்களா ஒன்று. பலகைத் தரை. நடக்க நடக்க முனகியது. வெளியே மூடுபனி ஜன்னல் கண்ணாடியில் வந்து முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. நாங்கள் சப்பாத்துக் காலோடு உள்ளே போனோம். அங்கே படங்களைக் காவல் காக்கிறவர் தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் பெரியவர். சின்ன முக்காலியில் உட்கார்ந்திருந்தார். "தொட வாணாம் பிள்ளைகள், பாக்க மட்டுந்தான்" என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அப்பா சொன்னது பாதி சரி. முதல் அறையில் குதிரை இருந்தது, பூச்சாடி இருந்தது. டீச்சர் எங்களை நடுவில் கூட்டிவைத்து ரசனை என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு ஒரு படம். அந்த ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் நிற்க வேண்டும். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். என்ன இருக்கிறது, என்ன நிறம், எது நல்லா வந்திருக்கிறது, எது குறை என்று பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "அழகா இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு ஓடக் கூடாது. ஏன் அழகுன்னு சொல்லணும். இல்லன்னா ஏன் இல்லன்னு சொல்லணும்" என்றார்.

வகுப்பில் நான் கொஞ்சம் நன்றாக வரைவேன். அதற்குப் பரிசாக டீச்சர் என்னைத் தோளில் கைபோட்டு அடுத்த அறைக்குக் கூட்டிப்போனார். "இருக்கிறதிலயே பெரிய படம் ஒனக்குத்தான்."

வாசல்படியில் நிற்கும்போதே சுவர் முழுக்கச் செவப்பு தெரிந்தது. ஒரு தீப்பந்தம் தெரிந்தது. அடுத்த நொடி நான் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் ஒட்டியிருந்த பேரை டீச்சர் வாசித்தார். "வீரபத்திரன். ராகலைப் பக்கத் தோட்டம் ஒண்ணில காமன் கூத்துப் பாத்து வரஞ்சதாம். ஒங்க ஊருப் படம் பிள்ள."

எங்கள் ஊரில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். மன்மதனைச் சிவன் எரித்த கதை. லயத்து ஆட்களே விரதம் இருந்து வேஷம் கட்டுவார்கள். மதனும் ரதியும் ஆடும்வரைக்கும் பிள்ளைகள் நாங்கள் முன்வரிசையில் ரொட்டியைத் தின்றுகொண்டு இருப்போம். வீரபத்திரன் வரப்போகிறான் என்று தப்பு அடி மாறினதும் முன்வரிசை பின்வரிசையாகிவிடும். செவப்பு முகம், நீட்டின பல்லு, கையில் பந்தம். இடுப்பில் கயிறு கட்டி, பலமான ஆம்பளைகள் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டே வருவார்கள். பிடி நழுவினால் சாமி எந்த வீட்டுக்குள் வேண்டுமானாலும் புகுந்துவிடும். பிள்ளை பெற்ற வீடுகளில் அன்றைக்குக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். வேஷம் கட்டினவர் மறுநாள் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் எங்கள் அப்பாவிடம் வெற்றிலை கேட்கிற அதே ஆள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் துணிச்சல் வராது. எதிரே வந்துவிட்டால் முகத்தைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்த்துக் கும்பிட வேண்டும் என்று அம்மா எனக்குச் சின்னதிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

தீட்டோடு, சப்பாத்தோடு, காலையில் மாசிக் கருவாட்டுச் சம்பல் தின்ற வாயோடு, நான் அவன் முன்னால் நின்றேன். தாழ்ப்பாள் போடக் கதவும் இல்லை.

முதல் வேலையாகச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். தரை ஐஸ் மாதிரி இருந்தது. "இது என்னடி?" என்றார் டீச்சர். "கால் வலிக்குது டீச்சர்" என்றேன். தீட்டு என்று எப்படிச் சொல்வது? பையன்கள் எல்லாம் பக்கத்து அறையில் இருந்தார்கள்.

எல்லோரும் தங்கள் தங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் நான் கண்ணை நிமிர்த்தவே இல்லை. டீச்சர் சொன்ன மாதிரி கண்ணை எடுக்காமலும் பார்த்தேன், அம்மா சொன்ன மாதிரி காலை மட்டும் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் இரண்டு பேர் சொல்லையும் மீறின மாதிரி ஆகாது என்று எனக்கு ஒரு கணக்கு.

அந்தக் கால் இன்றைக்கும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. படம் பெரிசு, ஆள் உயரத்துக்கு மேலே. கால் ரெண்டும் என் இடுப்பு மட்டத்தில் இருந்தன. முழங்காலுக்குக் கீழே சாயம் இல்லை. செவப்பெல்லாம் மேலேதான். குதிகால் வெடிப்பில் மண் ஏறியிருந்தது. அட்டை கடித்த இடத்தில் இரத்தம் ஒரு கோடாக இறங்கியிருந்தது. அதை நிறுத்தச் சுண்ணாம்பு வைத்திருந்தார்கள், வெள்ளையாக ஒரு பொட்டு. இடது காலில் கணுக்கால் மொழிக்கு மேலே பிறை மாதிரி ஒரு பழைய வெட்டுத் தழும்பு. சுண்டு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான். செருப்பு வாங்கும்போதெல்லாம் அந்த விரலைத்தான் அம்மா திட்டுவாள்.

அம்மா கால் மாதிரி இருக்கவும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சாமிக்கு அட்டை கடிக்குமா? சாமிக்கு விரல் இப்படி ஏறுமா? ஆள்தான் இது, பயப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போதுதான் கயிற்றைப் பார்த்தேன்.

கயிறு பின்னால் போகவில்லை. மேலே எங்கேயோ இடுப்பிலிருந்து இறங்கி, காலுக்கு ரெண்டு பக்கமும் முன்னால் வந்து, படத்தின் கீழ்ச் சட்டத்தில் முடிந்துபோயிருந்தது. பிடிக்க ஒரு கை இல்லை.

எல்லோரையும் டீச்சர் கூப்பிட்டார். ஒவ்வொரு படமாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் என்னிடம் வந்தார்கள். குதிரைப் படத்துக்காரன், "குதிரைக்கு ஒரு காலு குட்டை" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருந்தான்.

"சொல்லு பிள்ள. என்ன பாத்த?"

நான் காலைப் பற்றிச் சொன்னேன். வெடிப்பு, சுண்ணாம்பு, தழும்பு, விரல்.

"சரி, மேல சொல்லு."

"குதிகால்ல மண்ணு நல்லா வந்திருக்கு டீச்சர். நெசமாவே ஈரமா இருக்கு."

"மேலன்னா, மேல பாத்துச் சொல்லு. மூஞ்சி எப்படி இருக்கு?"

நான் இன்னும் குனிந்துகொண்டேன். "இவ செருப்புக் கடை போடப் போறா டீச்சர்" என்றான் குதிரைக்காரன். சிரிப்பு அடங்கும்வரை டீச்சர் பொறுத்துக்கொண்டார். நல்ல மனுசி. என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "சரி, குறை ஏதாவது இருக்கா? அதையாவது சொல்லு" என்றார்.

"கயிறு பிடிக்க ஆள் இல்ல டீச்சர்."

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கூத்துப் பார்த்தவர்கள்தானே. எல்லாத் தலையும் படத்தின் அடிப்பக்கம் திரும்பியது.

டீச்சருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நான்கூடப் பாக்கல. எவ்வளவு பெரிய விசயத்தச் சொல்லிட்ட. வரஞ்சவரு மறந்துபோயா விட்டிருப்பாரு? கயிறு யாரு பக்கம் வருது பாருங்க. நம்ம பக்கம். அப்ப யாரு பிடிச்சிருக்கிறது? இந்தப் படத்துக்கு முன்னால யாரு நிக்கிறாங்களோ அவங்கதான்."

டீச்சர் பாடத்துக்குச் சொன்னார். எனக்கு அது பாடமாகக் கேட்கவில்லை. தீட்டுக் கையோடு வீரபத்திரன் கயிற்றை நான்தான் இவ்வளவு நேரமும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்று கேட்டது. பிடித்தது ஒரு குற்றம். விட்டால் அதைவிடப் பெரிய குற்றம். எங்கே ஓடுவான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராகலைப் பக்கத்து ஆள் என்று எழுதியே ஒட்டியிருக்கிறதே. வழி தெரியாதவனா?

எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். நான் நகரவில்லை. டீச்சர் கூப்பிட்டார், வருகிறேன் என்றேன், வரவில்லை. அறையில் நானும் அந்தக் காலும் மட்டும் இருந்தோம். கண்ணில் தண்ணீர் தானாக இறங்கியது. அப்போதுதான் காவல்காரப் பெரியவர் வந்தார்.

"என்ன மகள், சப்பாத்தக் காணலியா?"

"இருக்கு நானா" என்றேன். முஸ்லிம் ஆண்களை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"பொறகு ஏன் அழுற?"

வெளி ஆளிடம் சொல்வது சுலபமாக இருந்தது. தம்பி பிறந்ததை, முப்பது கழியாததை, கயிற்றை, எல்லாவற்றையும் சொன்னேன். இதெல்லாம் என்ன என்று அவர் கேட்கவில்லை. சிரிக்கவும் இல்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து படத்துக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப நான் இரிக்கிறேன்தானே. நீங்க போங்க மகள்."

"நீங்க வீட்டுக்குப் போனா?"

"பூட்டிட்டுத்தானே போறது. இந்தக் கதவப் பாத்தீங்களா? வெள்ளக்காரன் போட்ட கதவு. அதத் தொறக்க நானே அரை மணித்தியாலம் மல்லுக்கட்டணும்."

அவரையும் அந்தக் கதவையும் நம்பி நான் கிளம்பினேன்.

பஸ் முழுக்கப் பாட்டும் கூத்துமாக இருந்தது. நான் பின்கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். மூடுபனிக்குள் ஏதாவது செவப்பாகத் தெரிந்தால் சீட்டுக்குள் குனிந்துகொண்டேன். பின்னால் வந்த மரக்கறி லொறியின் விளக்கு ஒரு வளைவில் திடீரென்று எரிந்தபோது நான் சத்தம் போட்டேன். குதிரைக்காரன் அதை ஊருக்கு வந்து நாலு பேரிடம் சொன்னான்.

சந்தியில் அப்பா காத்துக்கொண்டு நின்றார். "தம்பி நல்லா இருக்கானா?" என்றுதான் கேட்டேன். "காலையில நீதானே பாத்துட்டுப் போன? என்ன ஆகப்போகுது?" என்றார். லயத்துப் படியில் ஏறும்போதே தம்பியின் அழுகைச் சத்தம் கேட்டது. சாதாரண அழுகை இல்லை, இழுத்து இழுத்து அழுதான். மதியத்திலிருந்து பால் குடிக்கவில்லை என்றாள் அம்மா. முகம் செவந்துகிடந்தது. அந்தச் செவப்பைப் பார்த்ததும் இஸ்தோப்புத் திண்ணையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"மூஞ்சியப் பாத்தியா?"

"இல்லம்மா. கால மட்டுந்தான்."

"நெசமாவா?"

"தம்பி மேல சத்தியமா."

அதற்குத்தான் வாயில் ஒரு அடி விழுந்தது. "பச்சப்புள்ள மேலயா சத்தியம் பண்ணுற?"

பிறகு மஞ்சள் தண்ணீரை என் தலையில் தெளித்து, வாசல்படியைத் தாண்டவைத்தாள். உப்பும் செத்தல் மிளகாயும் கையில் எடுத்துத் தம்பியைச் சுற்றத் தொடங்கினாள். அம்மாவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

"அது சாமியா இருக்காதும்மா. மனுசக் காலுதான். அட்ட கடிச்சிச் சுண்ணாம்பு வச்சிருந்துச்சு. சுண்டு விரல் மேல ஏறியிருந்துச்சும்மா, ஒங்க காலு மாதிரியே."

சுற்றின கை நின்றது.

"வேற?"

"எடது கால்ல ஒரு தழும்பு. மொழிக்கு மேல."

"பிறை மாதிரியா?"

"ஆமாம்மா."

"கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு" என்று அம்மா சொன்னாள். என்னிடம் சொன்ன மாதிரித் தெரியவில்லை. மிளகாயை அடுப்பில் போட்டாள். நெடி ஏறி நாங்கள் எல்லோரும் இருமினோம். நெடி வந்தால் கண்ணூறு இல்லை என்று அர்த்தம். அம்மா எப்போதும் அதைச் சொல்லி நிம்மதிப்படுவாள். அன்றைக்கு நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் காம்பரா அக்கா ஓமத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் புகட்டி, வயிற்றைத் தடவிவிட்டதும் தம்பி சத்தமாக ஒரு ஏப்பம் விட்டான். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரிப் பால் குடித்தான். வீரபத்திரன் பயத்தை அந்த ஏப்பம் பாதி தீர்த்துவைத்தது. மீதிப் பாதியோடு நான் படுத்தேன்.

கம்பளிக்குள் கிடந்தபடி அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டேன். "ஒரு வெரல வச்சி எப்படிப் புள்ள சொல்றது?" என்றார் அப்பா. "தழும்பு?" என்றாள் அம்மா. "கவ்வாத்து வெட்டுற எல்லாருக்கும் தழும்பு இருக்கு." "எனக்குத் தெரியும்ங்க. அந்த ரத்தத்த நான்தான் தொடச்சேன்." எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

விளங்கினது நான் கல்யாணம் கட்டின பிறகு. அம்மாவுக்கு ஒரு அண்ணன் இருந்தார். வருசா வருசம் வீரபத்திரன் வேஷம் கட்டினவர். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். சண்டைக் காலம். விசாரிக்க வேண்டும் என்று ஒரு நாள் கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவரைத் தேடித்தரச் சொல்லி, வீட்டில் இருந்த அவருடைய ஒரே போட்டோவை எங்கள் ஆட்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், அதுவும் திரும்பவில்லை. நாங்கள் கேட்டால், "மாமா கொழும்பில" என்பாள் அம்மா. அதற்கு மேல் பேச்சு வளராது.

கலைக்கூடம் போய்வந்த சில நாளில் தம்பியைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகும் நாள் வந்தது. அம்மா வழக்கமாகப் போகிற ராகலைக் கிளினிக்கைத் தாண்டி நுவரெலியாவுக்கு டிக்கட் எடுக்கச் சொன்னாள்.

"முப்பது கழியல. ஒனக்கும் பச்ச ஒடம்பு" என்றார் அப்பா.

"ஊசி போட கொண்டுபோகலாம்னா இதுக்கும் கொண்டுபோகலாம்."

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. முனியாண்டி மரத்தடியில் என்னை நடக்க விடாத அம்மா, என்னை வழிகாட்டச் சொல்லி, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, வீரபத்திரன் இருக்கிற இடத்துக்கே போகிறாள். வழி முழுக்க அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்து, "நாம திரும்பிப் போயிருவோம்மா" என்று கெஞ்சினேன். அம்மா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காவல்காரப் பெரியவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "இதுதான் அந்தத் தம்பியா?" என்று துணியை விலக்கிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்" என்றார். என் அம்மா முகத்தைப் பார்த்தவர், அறையைக் காட்டினார்.

அம்மா செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் அவள் பின்னால் ஒளிந்துகொண்டு நின்றேன். படத்தைப் பார்க்கவில்லை, அம்மா முகத்தை மட்டும் பார்த்தேன். அம்மா நேராக மேலே பார்த்தாள். நான் பார்க்கவே கூடாது என்று அவள் சொன்ன இடத்தை, அவளே கண்கொட்டாமல் பார்த்தாள். அந்தச் செவப்புச் சாயத்துக்குள், நீட்டின பல்லுக்குப் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி அவள் கண் அங்கேயும் இங்கேயும் போய்வந்தது. தேடினது கிடைக்கவில்லை போல. மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் அவளும் காலுக்கு வந்துசேர்ந்தாள். பிறகு பச்சை உடம்புக்காரி, அந்த ஐஸ் மாதிரித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியவர் அடுத்த அறையில் ஏதோ கண்ணாடியைத் துடைக்கப் போனார்.

அம்மா தம்பி மேல் சுற்றியிருந்த துணியை விலக்கினாள். தலைத்தொப்பியைக் கழற்றினாள். ரெண்டு கையாலும் அவனைத் தூக்கி, படத்துக்கு நேரே பிடித்தாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. "வேணாம்மா, பாத்துரும்" என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பாக்கட்டும்" என்றாள் அம்மா.

நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த சாமிகளின் பேரையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். எவ்வளவு நேரம் அம்மா அப்படிப் பிடித்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தபோது தம்பி திரும்பவும் துணிக்குள் இருந்தான். கொட்டாவி விட்டான்.

அதற்குப் பிறகு அவனுக்குக் காய்ச்சல் வருகிறதா என்று நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டே அவனைத் தூங்கவிடவில்லை. ஒன்றும் வரவில்லை. முப்பதும் வந்தது. வீட்டைக் கழுவி, குத்துவிளக்கு ஏற்றி, பிள்ளையாருக்குச் சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். அப்பாவின் தங்கச்சி, என் அத்தை, ஹட்டன் பக்கத்திலிருந்து வந்திருந்தாள். தம்பிக்கு வளையல் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"எல்லாம் நெறஞ்சிருக்கு அண்ணி. தாய்மாமன் வந்து பிள்ளையப் பாக்கத்தான் குடுத்துவைக்கல."

"பாத்துட்டாரு" என்றாள் அம்மா.

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா விளக்குத் திரியைத் தூண்டினார். அம்மா பொங்கலை இலையில் வைத்துக்கொண்டே இருந்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். மாமா கொழும்பில் அல்லவா இருக்கிறார்? இந்த ஒரு மாதத்தில் நம் காம்பராவுக்கு ஒரு மாமாவும் வரவில்லையே. விளக்கு எரியும்போது அம்மா இப்படிப் பொய் சொல்கிறாளே, சாமி குற்றமாகித் தம்பிக்கு ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பழைய நடுக்கம் திரும்பியது. யாரும் பார்க்காத நேரம் பிள்ளையார் முன்னால் போய் நின்று, அம்மாவுக்காக நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.